சத்தம் குறைந்த சாயங்காலம்

— மறுபடியும் போச்சா! இப்பத்தானே தொட்டேன். கிட்டார் கம்பிய ஒழுங்கா ஒரு தடவ தட்டக்கூட இல்ல!

— தொட்டதுக்கே செவுத்துல சிவப்பு லைட்டு எரிஞ்சுது மாமா. எரிஞ்சு அஞ்சு எண்ணுறதுக்குள்ள மேடைக்கு கரண்ட் கட். இது மூணாவது தடவ.

— தெய்வமே! இது பாட்டு கேக்குற ஹாலா, பிரசவ வார்டா?

— மேல ரெண்டு மாடியிலயும் ஆளுங்க குடியிருக்காங்க. அதுக்குத்தான் செவுத்துல அந்தப் பெட்டிய மாட்டி வச்சிருக்காங்க. சத்தம் அளவு தாண்டுனா அது யாரு என்னன்னு பாக்காது, பிடுங்கிடும்.

— பிடுங்கட்டும், பிடுங்கட்டும். உங்க அக்காவ கட்டிக்கிட்ட நாள்லேருந்து உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் என் சத்தத்தப் பிடுங்கிட்டேதான் இருக்கீங்க. இப்ப செவுரும் உங்க பக்கம் சேந்துக்கிச்சு.

— கேளுங்க மாமா. ஆறு மணிக்கு ஹால் ஓனரம்மா வராங்க. மூணு பாட்டு கேப்பாங்க. பிடிச்சிருந்தா ஒரு வருஷத்துக்கு சனிக்கிழமை சாயங்காலம் பூரா நம்ம பேண்டு. நடுவுல ஒரு தடவ கரண்ட் போனாலும் மூட்டைய கட்டிக்கிட்டு கெளம்ப வேண்டியதுதான். இப்ப மணி நாலு இருபது.

— எனக்கு மட்டும் தெரியாதா? ஆம்ப் வால்யூம மூணுல வச்சுப் பாத்தேன்ல. எப்படி இருந்துது? சளி பிடிச்சவன் கர்ச்சீப்புக்குள்ள பேசுற மாதிரி. இது வால்வு ஆம்ப்பு சின்னவளே. உள்ள இருக்குற வால்வு கொதிச்சாத்தான் என் சவுண்டு. மூணுல அது வெதுவெதுன்னுகூட ஆகாது.

— அதனாலதான் இத எடுத்துட்டு வந்தேன்.

— என்ன இது, செங்கல்லு?

— அட்டெனுவேட்டர். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவுல உக்காரும். நீங்க ஆம்ப்ப எட்டுல வைங்க, உங்க வால்வு ஆசை தீர கொதிக்கட்டும். அந்தச் சத்தம் ஸ்பீக்கருக்குப் போறதுக்கு முன்னாடி இது பெரும்பங்க முழுங்கிடும். முழுங்குனத சூடா வெளிய விட்டுடும், அவ்வளவுதான்.

— ஓஹோ. நான் உயிர குடுத்து வாசிக்கறது பூராவும் இந்தச் செங்கல்ல சூடு பண்றதுக்கா?

— இப்ப மட்டும் என்ன, மேல் மாடிக்காரங்களத்தானே சூடு பண்ணிட்டிருக்கீங்க. அந்த வயர குடுங்க... அய்யோ, அது இல்ல! அது கிட்டார் வயரு!

— ரெண்டு பக்கமும் ஒரே பின்னுதானே?

— பின்னு ஒண்ணுதான், உள்ள இருக்குற கம்பி ஒண்ணா? ஆம்ப்லேருந்து ஸ்பீக்கருக்குப் போற பவர அந்த முடி கம்பி தாங்காது. அது உருகி அத்துப்போச்சுன்னா ஆம்ப்போட டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும். இருபது வருஷமா வாசிக்கிறீங்க, இத நான் சொல்லணுமா? தடி வயரு, அதோ, அந்த கறுப்பு. ஸ்பீக்கர் எத்தன ஓம்?

— எட்டு.

— ஆம்ப் பின்னாடி எதுல குத்தியிருக்கீங்க?

— எட்டுலதான் மேடம். அது தெரியும் எனக்கு. மாப்பிள்ளைய அந்த அளவுக்கு மட்டம் தட்டாதீங்க.

— இந்தச் செங்கல்லும் எட்டு. சரி. முதல்ல நாலு டெசிபல் குறைக்கிறேன். வாசிங்க.

— ...

— மஞ்சள். உடனே சிவப்பு. நிறுத்துங்க, நிறுத்துங்க! எட்டு குறைக்கிறேன். ம்... இதுவும் சிவப்பத் தொடுது. பன்னெண்டு. மஞ்சள்லயே நிக்குது. பதினாறு. ஆங், பச்ச! பச்ச பாத்தீங்களா?

— பச்ச பாத்தேன். என் சவுண்ட எங்கயும் பாக்கல. போர்வைய போத்திட்டீங்க தாயே. கூர்மையும் இல்ல, கீழ அந்த தும்முனு வர்றதும் இல்ல. இத நான் சனிக்கிழமை இல்ல, எந்தக் கிழமையும் வாசிக்க மாட்டேன்.

— வால்வு சவுண்டு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

— ...இருக்கு. அந்த கரகரப்பு இருக்கு. அது இருக்கு.

— அப்ப பாதி ஜெயிச்சாச்சு. சத்தம் குறைஞ்சா மனுஷன் காதுக்கு அடி சத்தமும் உச்சி சத்தமும்தான் முதல்ல மங்கும். அது செங்கல்லோட குத்தம் இல்ல, காதோட குணம். கொஞ்சமா சரி பண்ணிக்கலாம். உங்க ஈக்வலைசர் பெடல் எங்க?

— கால்கிட்டதான் இருக்கு. ஆனா அதத் தொடாத. சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் உக்காந்து செட் பண்ணி வச்சது. ஸ்லைடர் மேல நெய்ல் பாலிஷ்ல கோடு போட்டு வச்சிருக்கேன் பாரு.

— இது அக்காவோட நெய்ல் பாலிஷாச்சே.

— கேட்டுத்தான் எடுத்தேன்.

— ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. ஏழு ஸ்லைடர்ல முதல் ரெண்டும் மேல, கடைசி ரெண்டும் மேல, நடுவுல மூணும் பாதாளத்துல. பெடல் என்னப் பாத்து இளிக்குது. இத எங்க உக்காந்து செட் பண்ணீங்க?

— எங்க பண்ணுவாங்க? பெட்ரூம்ல, கதவ சாத்திக்கிட்டு.

— தனியா.

— வேற எப்படி? டிரம்ஸ்காரன பெட்ரூமுக்குள்ள கூப்புட சொல்றியா? கேட்டுப் பாரு, தனியா கேட்டுப் பாரு. ராஜா மாதிரி இருக்கும். கீழ இடி, மேல மின்னல்.

— இருக்கும், ஒத்துக்கறேன். தனியா இருக்குற வரைக்கும் எல்லாருமே ராஜாதான். இப்ப ஒண்ணு பண்றேன். போன வாரம் நம்ம வாசிச்சத ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பதிவு பண்ணி வச்சிருக்கேன்ல, அதுல பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் ஓட விடறேன். அத வாசிக்கிறவங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வர்றவரைக்கும் இது போதும். நீங்க கூட வாசிங்க.

— விடு.

— ...

— என்ன, முகம் சுருங்குது?

— என்னையே காணோமே. சின்னவளே, என்ன கொஞ்சம் ஏத்து.

— ஏன்?

— எனக்கே நான் கேக்கலம்மா!

— அதான் மாமா! இதான்! ஒவ்வொரு கச்சேரியிலயும் இதான் நடக்குது. உங்க இடிய பேஸ்காரர் எடுத்துக்கிட்டாரு, அந்த எடம் அவரோடது. உங்க மின்னல டிரம்ஸோட சிம்பல் தட்டு எடுத்துக்கிச்சு. கிட்டாருக்குன்னு இருக்குற எடம் நடுவுல இருக்கு. அந்த நடுவத்தான் நீங்களே நெய்ல் பாலிஷ் போட்டு அமுக்கி வச்சிருக்கீங்க. அப்புறம் என்ன காணோம், என்ன காணோம்னு வால்யூம திருகுறீங்க. அக்கா பாட்டுல மேல போற எடம் வந்ததும் சத்தத்த ஏத்துற பூஸ்ட் பெடல வேற மிதிக்கிறீங்க. ஒருத்தராலயும் வேற எதையும் கேக்க முடியாது.

— உச்சத்துல மிதிக்காம எங்க மிதிக்கறது? பாட்டே அங்கதான் ஏறுது.

— ஏறுறது அக்கா. சரி, அத அப்புறம் பேசுவோம். இப்ப நகருங்க. நூறு ஹெர்ட்ஸ், அடி சத்தம், அந்த ஸ்லைடர கீழ இறக்குறேன். நடுவுல இருக்குற எண்ணூற மேல ஏத்தறேன்.

— கோட்ட தாண்டிட்ட.

— தாண்டுவேன். நானூற கொஞ்சம் மேல. கடைசி ஸ்லைடர் நடுவுல. மூவாயிரத்து இருநூறுல மட்டும் ஒரு சின்னப் பள்ளம். அக்கா வார்த்தை தெளிவா கேக்குற எடம் அது, அவளுக்கு விடுங்க. பெடல ஆம்ப் பின்னாடி இருக்குற லூப்புல போட்டிருக்கேன். அதனால உங்க கரகரப்புல கை வைக்காது, வந்த சவுண்ட மட்டும் சீவும். வாசிங்க.

— தகர டப்பா! காதுக்குள்ள தகர டப்பா! மூக்கால அழுவுது! என்ன பண்ணி வச்சிருக்க என் சவுண்ட?

— தனியா கேட்டா அப்படித்தான் இருக்கும். இருங்க, பேஸும் டிரம்ஸும் வருது. ரெண்டு, மூணு, நாலு...

— ...

— மாமா, பாட்டு முடிஞ்சு போச்சு. ஏன் அப்படியே நிக்கிறீங்க?

— ஒவ்வொரு கம்பியும் கேட்டுது.

— ம்.

— பேஸ் அவன் பாட்டுக்கு கீழ போறான், நான் அவன் தோள் மேல நிக்கிறேன். ஆம்ப் எவ்வளவுல இருக்கு?

— எட்டுல. செங்கல்லு பதினாறு குறைக்குது. நம்ம சாதாரணமா பேசிட்டிருக்கோம் பாருங்க, கத்தல.

— இருபது வருஷம்... சரி, இப்ப சந்தோஷமா இருக்கேன், கெடுக்காத. இன்னொரு தடவ விடு. பன்னெண்டுல வச்சு விடு, எப்படி இருக்குன்னு பாப்போம். ஸ்பீக்கர்ல கொஞ்சூண்டு காத்து நகரட்டும்.

— பன்னெண்டு. இருங்க, சிம்பல் கொஞ்சம் குத்துது, இங்க சவுண்ட் மிக்சர்ல சரி பண்ணிட்டே வரேன். வாசிங்க, வாசிங்க... நல்லாருக்கு. பூஸ்ட் இல்லாமயே நிக்குது பாருங்க...

— சின்னவளே.

— வாசிங்க மாமா, ஏன் நிறுத்துனீங்க?

— செவுத்தப் பாரு. சிவப்பு.

— எரியட்டும், நீங்க வாசிங்க.

— நான் நிறுத்துறதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு செகண்டா சிவப்பு. கரண்ட் போகல. ஆம்ப் ஓடிட்டிருக்கு. பேன் சுத்திட்டிருக்கு.

— சில சமயம் அந்தச் செவுத்துப் பெட்டி...

— நீ சிம்பல சரி பண்ணிட்டிருந்த. ரெண்டு கையும் மிக்சர் மேல இருந்துது. அதனாலதான் போகல, இல்ல?

— மாமா.

— உன் முட்டிகிட்ட இருக்குற ஸ்விட்ச் என்னது?

— மேடைக்குப் போற லைன்.

— தெய்வமே! நீயா? மூணு தடவையும் நீயா?

— அந்தப் பெட்டியில லைட்டு மட்டுந்தான் எரியும். கட் பண்ற பாகம் செத்து மூணு மாசமாச்சு. ஓனரம்மா ரிப்பேருக்குச் சொல்லிட்டே இருக்காங்க. அஞ்சு எண்ணிட்டு ஸ்விட்ச்ச தட்டுனது நான்தான்.

— வால்வு போயிருந்தா? என் வால்வு போயிருந்தா நீயா வாங்கித் தருவ? சின்னப் புள்ளைங்ககிட்ட பூச்சாண்டி காட்டுற மாதிரி என்கிட்ட செவுத்தக் காட்டி... நகரு. அந்தச் செங்கல்ல கழட்டு. தைரியமா கழட்டு. பெட்டி செத்துடுச்சுல்ல, யாரு என்ன கேக்கப் போறா? முழுசா வாசிக்கிறேன். மேல் மாடி எறங்கி வந்து கைதட்டிட்டுப் போகட்டும்.

— கழட்ட மாட்டேன்.

— கழட்டுங்கறேன்ல.

— நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? நாலு வருஷமா மிக்சர்ல உக்காந்து கெஞ்சுறேன். கொறைங்க மாமா, கொறைங்க மாமான்னு. "மச்சினிக்கு காது மெலிசு"ன்னு மேடையிலேயே மைக்குல கிண்டல் பண்ணீங்க, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மனுஷங்க சொன்னா உங்களுக்கு ஏறாது. செவுரு சொன்னா ஏறும். அதான் செவுத்த சொல்ல வச்சேன்.

— எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? சொல்லு. சத்தம் பிடிக்கலன்னா வேற பேண்டுக்குப் போ.

— போன வார பதிவுல அக்கா மைக்க மட்டும் தனியா போட்டுக் கேட்டேன்.

— அவளுக்கென்ன, நல்லாத்தானே பாடுறா.

— நல்லாப் பாடல. அக்கா குரல் உடையுது மாமா. மேல போற எடத்துலயெல்லாம் கிழிஞ்ச துணி மாதிரி ரெண்டா பிரியுது. உங்க சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி... ஒரு பாட்டு முழுக்கக் கேக்க முடியல என்னால. ஹெட்போன கழட்டி வச்சிட்டு அழுதேன்.

— என்ன ஒளர்ற?

— எப்பவும் பிளாஸ்கும் கையுமா இருக்காளே, எதுக்குன்னு நெனச்சீங்க?

— பாடுறவங்க எல்லாரும் வெந்நீர் குடிப்பாங்கன்னு நெனச்சேன்.

— தொண்டையில முடிச்சு. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன், போன திங்கக்கிழமை. கத்தாம பாடுனா மெல்ல மெல்ல கரைஞ்சுடுமாம். இதே மாதிரி சத்தத்துக்கு மேல கத்திட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம், அப்புறம் பாட்டு கிடையாது. உங்ககிட்ட சொல்லிடறேன்னு சொன்னேன். "அவருக்குத் தெரியும், நீ விடு"ன்னுட்டா.

— எனக்கா? எனக்கு எங்கடி தெரியும்? ஒரே வீட்டுல இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே!

— அதான் எனக்கும் புரியல. அதுக்கு மேல பேச மாட்டேங்குறா. நான் நெனச்சேன், தெரிஞ்சுதான் நீங்க கண்டுக்காம வாசிக்கிறீங்கன்னு. அந்தக் கோவத்துலதான் ஸ்விட்ச்ச தட்டுனேன். முதல் தடவ கொஞ்சம் வேணும்னேதான் தட்டுனேன்.

— தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தா நான் கிட்டார உறையிலேருந்தே எடுத்திருக்க மாட்டேன். மூணடி தள்ளி நிக்கிறா. ராத்திரி பகல் கூட இருக்கேன். என் காதுல என் கிட்டாரத் தவிர ஒண்ணும் விழலயா? நான் என்ன மனுஷன்?

— அத வீட்டுக்குப் போய் கேட்டுக்கோங்க. இப்ப மணி அஞ்சே கால். சொல்லுங்க, செங்கல்ல கழட்டணுமா?

— பதினாறுல வை.

— பதினாறு.

— அந்த பூஸ்ட் பெடல பிடுங்கி உன் பைக்குள்ள போடு. என் கால நம்ப முடியாது, பழக்கத்துல மிதிச்சுடும்.

— போட்டாச்சு.

— இன்னைக்கு அவ மூச்சு விட்டாக்கூட கடைசி நாற்காலிக்கு கேக்கணும். போய் கூட்டிட்டு வா.

— வந்துட்டே இருக்கா பாருங்க. அக்கா, வா. உன் மைக்கு ரெடி. அவங்க ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள நீயும் மாமாவும் ஒரு பாட்டு பாத்துடுங்க. பேஸ், டிரம்ஸ நான் இங்கேருந்து விடறேன்.

— கரண்ட் இப்ப நிலையா இருக்கா? உள்ள உக்காந்திருந்தேன், மேடை லைட்டு போறதும் வர்றதுமா இருந்துது. என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. வா. இன்னைக்கு நீ கத்தவே வேணாம்.

— சரி விடுங்க, எந்தப் பாட்டு?

— ரெண்டாவது. முழுசா, மேல போற எடம் வரைக்கும். உன் இஷ்டத்துக்குப் பாடு, நான் உன் பின்னாடியே வரேன்.

— இது என்ன புது மரியாதை... சரி, விடு குட்டி.

— ரெண்டு, மூணு, நாலு...

— ...

— நிறுத்துங்க! நிறுத்துங்களேன்!

— ஏன், ஏன்? நல்லாத்தானே போயிட்டிருந்துது! கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டதுக்கப்புறம் இன்னைக்குத்தான் உன் ஒவ்வொரு வார்த்தையும் என் காதுல விழுது!

— மேல போனப்ப உடைஞ்சுதே. அதும் விழுந்துதா?

— ...விழுந்துது.

— அப்ப ஆறு மணிக்கு அந்தம்மா காதுலயும் விழும். பூஸ்ட் பெடல் எங்க? கால்கிட்ட இருக்குமே, எங்க அது?

— என் பைக்குள்ள இருக்குக்கா. மாமாதான் பிடுங்கச் சொன்னாரு. உன் தொண்டைக்காக அவரே பதினாறு டெசிபல் இறக்கி, ரெண்டு வருஷ செட்டிங்க கலைச்சு...

— நீ சும்மா இரு. என்னங்க, எதுக்கு எறக்குனீங்க? யாரக் கேட்டு எறக்குனீங்க?

— உனக்காகத்தான்டி. இவ சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தன நாள் தெரியாம உன் குரல அமுக்கிட்டு இருந்தேன், என்ன மன்னிச்சுடு.

— தெரியாமயா? ரெண்டு வருஷமா, நான் உடையற எடம் வந்ததும் சரியா அந்த நொடியில பெடல மிதிச்சு, என் குரல ஒருத்தர் காதுலயும் விழாம மூடுனீங்களே... அத நீங்க எனக்காகப் பண்றீங்கன்னு நெனச்சுத்தாங்க நான் இவ்வளவு நாள் தைரியமா மேடை ஏறுனேன்.